அக்டோபர் 2, காலை 9 மணி

விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஏரோஸ்பேஸ் எம்.எஸ். படிக்க நான் கான்சஸ் வந்து சேர்ந்தது 2009 ஆகஸ்டில். அக்டோபர் 2 அன்று காலை வகுப்புக்குப் போகும் வழியில், ஒரு நினைவுச் சின்னத்தின் முன்னால் சின்னக் கூட்டம் நிற்பதைப் பார்த்தேன். பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவர் மலர் வளையம் வைத்தார். அன்று காந்தி ஜெயந்தி என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. இந்த ஊரில் அந்தத் தேதிக்கு வேறொரு பொருள் உண்டு என்று அப்போது தெரியாது. வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் நிற்காமல் போய்விட்டேன்.

மதியம் திரும்பி வந்து பார்த்தபோதுதான் அது 1970-ல் விமான விபத்தில் இறந்த ஃபுட்பால் அணிக்கான சின்னம் என்று புரிந்தது. ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை, நீள்வட்டப் பந்தோடு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். இதில் எனக்குக் குழப்பம் என்னவென்றால், எங்கள் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் அணியே கிடையாது. பெரிய ஸ்டேடியம் இருந்தது, ஆனால் ஆட அணி இல்லை. 1986-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். இல்லாத ஓர் அணிக்காக ஒவ்வொரு வருடமும் அதே தேதியில், காலை 9 மணிக்கு, யாரோ வந்து மலர் வளையம் வைக்கிறார்கள்.

அடுத்த வருடம் அக்டோபர் 2-ஐ முன்கூட்டியே காலண்டரில் குறித்து வைத்தேன். அதற்குப் பிறகு நான் ஊரில் இருந்த எந்த வருடமும் போகாமல் இருந்ததில்லை.

அந்த அணியின் தலைமைக் கோச் பெயர் பென் வில்சன். 1969-ல் பொறுப்பேற்றார். முதல் வருடம் பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. 1970-லும் முதல் மூன்று ஆட்டங்கள் தோல்வி. நான்காவது ஆட்டம் அக்டோபர் 3, சனிக்கிழமை, யூட்டா மாநிலத்தின் லோகன் நகரில், யூட்டா ஸ்டேட் அணியோடு. வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள்.

முதலில் ஏற்பாடு செய்யப்பட்டது ஒரே பெரிய விமானம், டி.சி.-6. அது சேதமடைந்துவிட்டதால் அதற்குப் பதிலாக இரண்டு சிறிய மார்ட்டின் 4-0-4 விமானங்கள் வந்தன. இரட்டை பிஸ்டன் இன்ஜின், சுமார் நாற்பது பேர் உட்காரலாம். அணியின் நிறங்களை வைத்து ஒன்றுக்கு ‘கோல்டு’ என்றும் மற்றதற்கு ‘பிளாக்’ என்றும் பெயர் வைத்தார்கள். கோல்டில் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் வரிசை வீரர்கள், கோச் வில்சன், அவர் மனைவி ஹெலன், விளையாட்டுத் துறை இயக்குநர் பெர்ட் காட்சன்மேயர், அவர் மனைவி, அணிக்குப் பண உதவி செய்யும் ஊர்க்காரர்கள். பிளாக்கில் மாற்று வீரர்களும் உதவிக் கோச்சுகளும்.

இரண்டும் டென்வரில் இறங்கி எரிபொருள் நிரப்பின. பிளாக், வழக்கமான பாதையில் வடக்கே வயோமிங் பக்கம் போய், மலை தாழ்ந்திருக்கும் இடத்தில் மேற்கே திரும்பி, லோகனில் பத்திரமாக இறங்கியது. கோல்டு, பயணிகளுக்கு அழகான காட்சிகளைக் காட்டுவதற்காக, நேரே மேற்கே கிளியர் க்ரீக் பள்ளத்தாக்குக்குள் போனது. மதியம் 1 மணியை ஒட்டி, சில்வர் ப்ளூம் என்ற சிற்றூருக்கு மேற்கே ட்ரெலீஸ் மலைச் சரிவில் மரங்களுக்குள் விழுந்தது. இருந்தவர்கள் 40 பேர். இறந்தவர்கள் 31. அவர்களில் 14 பேர் வீரர்கள். கோச் வில்சனும் மனைவியும் பிழைக்கவில்லை. பிழைத்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் வீரர்கள், ஒருவர் விமானி.

அந்த வழியாகக் காரில் போனவர்களும், பக்கத்தில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களும்தான் முதலில் ஓடிப் போனார்கள். இன்று ஐசன்ஹோவர் சுரங்கம் என்று எல்லோரும் கடந்து போகும் அதே சுரங்கம். கொஞ்ச நேரத்தில் விமானம் வெடித்து எரிந்தது.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் விபத்தை விவரிப்பது மட்டுமல்ல. படிப்பு முடிந்து விச்சிட்டாவிலேயே விமானத் துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் சனி, ஞாயிறுகளில் பறக்கக் கற்றுக்கொண்டு, தனியார் விமானி உரிமமும் வாங்கினேன். பயிற்சியின் இடையில் என் இன்ஸ்ட்ரக்டர் ஒருநாள் அந்த 1970 விபத்தின் அறிக்கையைக் கையில் கொடுத்து, இதைப் படிக்காமல் கொலராடோ பக்கம் போக யோசிக்காதே என்றார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை. அதை இரவில் படித்து முடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அறிக்கை சொல்லும் காரணத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். விமானத்தை வேண்டுமென்றே ஒரு மலைப் பள்ளத்தாக்குக்குள் ஓட்டிப் போனார்கள். எந்த உயரத்தில் என்றால், முன்னால் இருந்த மலையைத் தாண்டி ஏறவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது என்ற உயரத்தில். விமானத்தில் அளவுக்கு மீறிய பாரம். டென்வரிலிருந்து அந்தப் பாதைக்கு முன்திட்டம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. தங்கள் விமானத்தால் எது முடியும், எது முடியாது என்று விமானிகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்களைக் கண்காணித்து வழிநடத்த மேலே ஒரு நிர்வாகம் இல்லை. இன்ஜின் கோளாறு என்று எதுவும் அதில் இல்லை. வானம் தெளிவாக இருந்தது.

என்னை அதிகமாக உலுக்கியது இரண்டு விவரங்கள். அந்தப் பள்ளத்தாக்குக்கான வரைபடங்கள் டென்வரில் எரிபொருள் நிரப்பும் நேரத்தில்தான் வாங்கப்பட்டன. இன்னொன்று, இடது இருக்கையில் உட்கார்ந்து விமானத்தை ஓட்டியவர் அந்த விமானச் சேவை நிறுவனத்தின் தலைவர். அன்றைய கணக்குப்படி அவர் துணை விமானி. கேப்டன் என்று பெயர் இருந்தவர் வலது இருக்கையில், அவரைவிட இளையவர், 27 வயது. தன் முதலாளி ஓட்டும்போது, பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மலை உயர்ந்துகொண்டே வரும்போது, அந்த 27 வயதுக்காரர் வேண்டாம் என்று எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க முடியும்? வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரி தப்பு செய்வதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் இந்தக் கேள்வி புரியும்.

உரிமம் வாங்கிய இரண்டு வருடம் கழித்து டென்வரில் மலைப் பறத்தல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கான்சஸ் தட்டையான ஊர். அங்கே கற்றுக்கொண்டவனுக்கு மலை என்பது புதுப் பாடம். அந்த இன்ஸ்ட்ரக்டரிடம் நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும், அவரே அந்தப் பள்ளத்தாக்கைக் காட்டுவதாகச் சொன்னார். செஸ்னா 172, நாங்கள் இரண்டு பேர், எரிபொருள் அளந்து நிரப்பியது. புறப்படும் முன் என்னையும் பைகளையும் தராசில் நிறுத்தினார்.

மேலே போனதும் முதல் பாடம்: காற்று மெலிதாகிறது. டென்வரே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. அதற்கு மேல் வெயில் ஏறினால், விமானத்துக்கு அது இன்னும் உயரமான இடம் போலத்தான். இதை டென்சிட்டி ஆல்டிட்யூட் என்பார்கள். இறக்கை, புரொப்பெல்லர், இன்ஜின் மூன்றுமே காற்றை நம்பி வேலை செய்பவை. மூன்றும் ஒரே நேரத்தில் பலவீனமாகும். விச்சிட்டாவில் நிமிடத்துக்கு 700 அடி ஏறிய அதே வகை விமானம், அன்று 11,000 அடியில் நிமிடத்துக்கு 200 அடிதான் ஏறியது.

இந்த இடத்தில் அவர் என்னைக் கணக்குப் போடச் சொன்னார். பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்க ஊரான ஜார்ஜ்டவுன் ஏறக்குறைய 8,500 அடி. சில்வர் ப்ளூம் 9,100 அடி. சுரங்கத்தின் வாசல் சுமார் 11,000 அடி. ஆக, பள்ளத்தாக்கின் தரை மைலுக்கு ஏறக்குறைய இருநூறு அடி ஏறுகிறது. என் விமானம் நிமிடத்துக்கு ஒன்றரை மைலுக்கு மேல் போகிறது, ஏறுவது 200 அடி. அப்படியென்றால் மைலுக்கு 130 அடிகூட இல்லை. தரை என்னைவிட வேகமாக ஏறுகிறது. ஜன்னலில் பார்த்தால் இது தெரியாது. தரை மெல்ல மெல்லத்தான் பக்கத்தில் வருகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். சரியாக இல்லை என்று தெரிய வரும்போது திரும்ப இடம் இருக்காது.

திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அடுத்த கணக்கு. 30 பாகை சாய்த்து, 150 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 278 கி.மீ.) ஒரு விமானம் அரை வட்டம் அடித்துத் திரும்ப ஒரு மைலுக்கும் மேல் அகலம் தேவை. அந்தப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் அவ்வளவு இடம் கிடையாது. அதிகமாகச் சாய்த்தால் இடம் குறையும், ஆனால் பாரம் ஏறிய விமானம் மெலிந்த காற்றில் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விழும். அதனால்தான் மலையில் பறப்பவர்கள் பள்ளத்தாக்கின் நடுவில் போவதில்லை. ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போவார்கள், திரும்ப வேண்டியிருந்தால் முழு அகலமும் கையில் இருக்கும். முகட்டை நேராகத் தாண்ட மாட்டார்கள், 45 பாகையில் நெருங்குவார்கள். காற்று கீழே அழுத்தினால் சட்டென்று விலகிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேவையான உயரத்தைச் சமவெளியிலேயே சுற்றிச் சுற்றி ஏறி எடுத்துக்கொண்டுதான் மலைக்குள் நுழைய வேண்டும். உள்ளே போய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது.

நாங்கள் 13,500 அடியில், வலது சரிவை ஒட்டிப் போய், ஓர் இடத்தில் திரும்பினோம். திரும்பும்போது அவர் கீழே கையைக் காட்டினார். பச்சை மரங்கள், நெடுஞ்சாலை, அதில் எறும்பு மாதிரி லாரிகள். விழுந்த இடம் இன்னது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு மேலே இருந்தும், எதிரே இருந்த மலை முகடுகள் பெரிதாக நின்றன. கோல்டில் இருந்த வீரர் ஒருவர், மலைகள் விமானத்தைவிட உயரத்தில் தெரிகின்றனவே என்று எழுந்து முன்பக்கம் நடந்து போயிருக்கிறார். கல்லூரிப் பையன். விமானம் பற்றி ஒன்றும் தெரியாதவனுக்கே அது பட்டிருக்கிறது.

கோச் வில்சன் என்ன நினைத்திருப்பார்? எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் கோச் என்ற மனிதரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்தவன், அங்கே பள்ளிக்கூடங்களில் ஹாக்கிதான் எல்லாம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வெளியூர்ப் போட்டிக்கு எங்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் வந்தது. ஏற்கெனவே உள்ளே ஆட்கள், மேலே மூட்டைகள், டிரைவர் கண் சிவந்திருந்தது. எங்கள் பி.டி. சார் டயரைக் குனிந்து பார்த்தார், டிரைவர் முகத்தைப் பார்த்தார். “எல்லாரும் இறங்குங்கலே” என்றார். அடுத்த பஸ் வர மூன்று மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது எதிரணிக்கு வாக்கோவர் கொடுத்து முடித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் எங்களைச் சமாதானப்படுத்தவும் முயலவில்லை.

தரையில் நிற்கும் வேனைப் பார்த்து அவரால் முடிவு செய்ய முடிந்தது. விமானத்தில் கோச்சும் ஒரு பயணிதான். கதவு மூடிய பிறகு அவர் கையில் ஒன்றும் இல்லை. அதனால் அணியைக் கூட்டிப் போகிறவர் கேட்க வேண்டியதை எல்லாம் கதவு மூடுவதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். 1970-ல் கோச்சுகளுக்கு அப்படிக் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. விமானம் ஒருவருடையது, விமானிகளை அனுப்பியவர் இன்னொருவர், வாடகைக்கு எடுத்தது பல்கலைக்கழகம். விபத்துக்குப் பிறகு, அந்தப் பயணத்தை இயக்கியவர் சட்டப்படி யார் என்பதே பெரிய வழக்காகிப் போனது.

விபத்து நடந்து ஆறு வாரத்தில், நவம்பர் 14 அன்று, மேற்கு வர்ஜீனியாவில் மார்ஷல் பல்கலைக்கழகத்தின் அணி ஓர் ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது விமானம் விழுந்து 75 பேரும் இறந்தார்கள். கோச் ரிக் டாலிக்கு 30 வயது. உலகம் அதிகமாக நினைவில் வைத்திருப்பது அந்த விபத்தைத்தான். விச்சிட்டாவில் வயதானவர்களோடு பேசும்போது இதில் ஒரு மெல்லிய வலி தெரியும். அதை நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நம் வீட்டுச் சாவை யாரும் விசாரிக்காமல் போனால் நமக்கும் அப்படித்தான் இருக்கும்.

யூட்டா ஸ்டேட் வீரர்கள், ஆட்டம் நடந்திருக்க வேண்டிய அதே மைதானத்தில் அஞ்சலி செலுத்தி, நடுக்கோட்டில் மலர் வளையம் வைத்தார்கள். இங்கே விச்சிட்டாவில், மீதி இருந்த வீரர்கள் கூடி, பருவத்தைத் தொடர்ந்து ஆடலாமா என்று வாக்கெடுத்தார்கள். 76 பேர் ஆடலாம், ஒருவர் வேண்டாம். முதலாம் ஆண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி; அதை இவர்களுக்காகத் தளர்த்தினார்கள். பிளாக்கில் போன உதவிக் கோச் பாப் சீமன் பொறுப்பேற்றார். அதை ‘இரண்டாவது பருவம்’ என்று அழைத்தார்கள். அக்டோபர் 24 அன்று லிட்டில் ராக் நகரில், நாட்டின் வலுவான அணிகளில் ஒன்றான ஆர்கன்சாவை எதிர்த்து இறங்கினார்கள். 62-0 என்று தோற்றார்கள். எதிரணியின் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த வருடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

அந்த ஒருவர் ஏன் வேண்டாம் என்று வாக்களித்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 76-ஐப் பாராட்டுகிறோம், சரிதான். எனக்கு அந்த ஒருவர் மேலும் மரியாதை உண்டு. துக்கத்தில் எல்லாரும் ஒரே பக்கம் சாயும்போது தனியாக ஒரு கை தூக்குவது சின்ன விஷயம் இல்லை.

கான்சஸ் மண்ணில் இதற்கும் முன்னால் ஒரு கோச் விழுந்திருக்கிறார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் நூட் ராக்னி. அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பெயர். 13 பருவங்களில் 105 வெற்றி, 12 தோல்வி. 1931 மார்ச் 31 அன்று கான்சஸ் சிட்டியிலிருந்து விச்சிட்டா வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போக வேண்டிய ஃபோக்கர் விமானம், பஸார் என்ற சிற்றூர்ப் பக்கம் புல்வெளியில் விழுந்தது. எட்டுப் பேரும் இறந்தார்கள். அவருக்கு 43 வயது. அதன் இறக்கை மரத்தால் ஆனது. உள்ளே ஈரம் இறங்கிப் பசை விட்டு, இறக்கை பறக்கும்போதே பிரிந்தது. அவ்வளவு பிரபலமான ஒருவர் இறந்ததால் எழுந்த கோபத்தில்தான் மர இறக்கைப் பயணி விமானங்களின் காலம் முடிந்து, முழு உலோக விமானங்கள் வேகமாக வந்தன. என் வேலை, பசையால் ஒட்டிய காம்போசிட் (இழையும் பிசினும் சேர்த்துச் செய்த) பாகங்களைச் சோதிப்பது. ஒட்டுக்குள் ஈரம் புகுந்திருக்கிறதா என்பது இன்றும் என் சோதனைப் பட்டியலில் ஒரு வரி. அந்த வரிக்கு டிக் போடும் நாட்களில் சில சமயம் அந்தப் புல்வெளி நினைவுக்கு வரும். நினைவுக் கல் இருப்பது தனியார் மேய்ச்சல் நிலத்தில். அனுமதி வாங்காமல் போகக் கூடாது.

ட்ரெலீஸ் மலைக்கு நான் நடந்து போனது 2016 செப்டம்பரில். போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில், சுரங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. மேலே ஏற முடியாதவர்கள் அதோடு திரும்பலாம். விழுந்த இடத்துக்கான ஏற்றம் தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. நீங்கள் ஏறத் தொடங்கும் இடமே 10,000 அடிக்கு மேல். தாழ்வான ஊரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே ஏறாதீர்கள். டென்வரில் ஓர் இரவாவது தங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், தலை வலித்தால் பேசாமல் கீழே இறங்கிவிடுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் இடி, மின்னல் வரும். காலையிலேயே கிளம்பி, நண்பகலுக்குள் இறங்கிவிடுவது நல்லது.

மரங்களுக்குள் விமானத்தின் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. நசுங்கிய அலுமினியத் தகடுகள், கம்பிகள். வந்தவர்கள் வைத்துப் போன பொருள்கள் சில. அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள், ஒரு ஆணியைக்கூட. நான் தகடுகளை இணைக்கும் ரிவெட் வரிசை ஒன்றைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே சீரான இடைவெளியில், யாரோ அக்கறையோடு அடித்த ரிவெட்டுகள். அந்த மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். கீழே நெடுஞ்சாலையில் வண்டிகள் சுரங்கத்துக்குள் போகும் இரைச்சல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்குக் கைகொடுத்தது 2018-ல். பல்கலைக்கழக மாணவர்களின் கிரிக்கெட் அணிக்கு நான் பழைய மாணவன் என்ற முறையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். டல்லாஸில் ஒரு போட்டி. போக ஆறு மணி நேரம், ஞாயிறு இரவே திரும்ப வேண்டும், திங்கட்கிழமை வகுப்பு. பையன்கள் ஒரு நிறுவனத்தில் 15 பேர் உட்காரும் ஒரே வேனை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். 15 பேர், கிட் பைகள் எல்லாம் கூரை மேல். ஓட்டப் போவது, ஞாயிறு முழுவதும் விளையாடி முடித்த கேப்டனே.

நான் முதலில் எடையைக் கூட்டச் சொன்னேன். சிரித்தார்கள். ஒவ்வொருவர் எடையையும், ஒவ்வொரு பையின் எடையையும் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது, வேனின் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் தாண்டியது. அந்த ஸ்டிக்கரை அதுவரை யாரும் படித்ததில்லை. இந்த வகை வேன்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறினாலே கவிழும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. கூரை மேல் பாரம் வைத்தால் இன்னும் மோசம். வாடகை நிறுவனத்தைக் கூப்பிட்டு, வழியில் விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது, காப்பீடு யார் பெயரில், டயர் எப்போது மாற்றியது என்று கேட்டேன். மறுமுனையில் பேசியவருக்கு மூன்றுக்கும் பதில் தெரியவில்லை. வாடகையை ரத்து செய்தோம்.

கடைசியில் இரண்டு மினிவேன்களும் ஒரு காரும். சாமான் எல்லாம் உள்ளே, கால் பக்கத்தில். அணித்தலைவனும் துணைத் தலைவனும் வெவ்வேறு வண்டியில். விளையாடாத இரண்டு பேரை ஓட்டுவதற்கென்றே கூட்டிப் போனோம். மூன்றாவது வண்டியை நான் ஓட்டினேன். பாதை மாற்றுவதென்றால் மூன்று வண்டியும் நின்று பேசிய பிறகுதான். இன்னொரு விதியும் வைத்தேன்: வண்டியில் இருக்கும் யார் வேண்டுமானாலும், முதல் வருடப் பையனாக இருந்தாலும், நிறுத்து என்றால் ஓட்டுபவர் ஏன் என்று கேட்காமல் ஓரம் கட்ட வேண்டும். காரணத்தை நின்ற பிறகு பேசிக்கொள்ளலாம்.

செலவு முந்நூறு டாலர் கூடியது. அதற்காகக் கொஞ்சம் முணுமுணுப்பும் இருந்தது. திரும்பும் வழியில், ஓக்லஹோமா சிட்டியைத் தாண்டி இரவு 11 மணிக்கு, பின் இருக்கையிலிருந்து ஆந்திராவிலிருந்து வந்த முதல் வருடப் பையன் ஒருவன் மெதுவாக, “அண்ணா, ஸ்டாப்” என்றான். நான் ஓரம் கட்டினேன். கண் இரண்டு முறை மூடித் திறந்ததைக் கண்ணாடியில் பார்த்ததாகச் சொன்னான். எனக்கே அது தெரியவில்லை. அடுத்த எக்ஸிட்டில் இருந்த பெட்ரோல் பங்க்கில் எல்லாரும் இறங்கினோம். நாற்பது நிமிடம் தூங்கினேன். பிறகு வேறொருவர் ஓட்டினார்.

போட்டியில் மூன்று ஆட்டத்திலும் தோற்றிருந்தோம். விடிகாலை 3 மணிக்கு ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம். திங்கட்கிழமை 9 மணி வகுப்பில் எல்லாரும் இருந்தார்கள்.